பிள்ளை பெத்த உடம்பு

"வலிக்குது, வுட்டுருங்க பெரியம்மா. உசிரு போவுது."

மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து மகள் பேச்சியம்மா அலறியதில், கங்காணி ஆண்டியப்பனின் கையிலிருந்த பிரம்பு நழுவி விழுந்தது. மலையில் அவர் செருமினாலே தேயிலைக் கொழுந்து பறிக்கிற பெண்கள் வாயை மூடிக்கொள்வார்கள். அப்பேர்ப்பட்ட மனிதர் சொந்த வீட்டு வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

பேச்சி தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீடு வந்து பிள்ளையும் பெற்றுவிட்டாள். தாய் இல்லை. பிள்ளை பெத்த உடம்புக்கு எண்ணெய் தேய்த்து, வயிற்றை நீவி, பச்சிலை போட்டுக் காய்ச்சிய வெந்நீர் ஊற்றித் தேற்றிவிட அந்தத் தோட்டத்தில் காளியாயியை விட்டால் ஆள் கிடையாது.

ஆண்டியப்பன் கொட்டகலையிலிருந்து வேறு ஒருத்தியைக் கூட்டிவரத்தான் பார்த்தார். காளியாயி பெரியம்மாவைத் தவிர யாரும் தன் உடம்பில் கை வைக்கக் கூடாது என்று பேச்சிதான் ஒற்றைக்காலில் நின்றாள். பைத்தியக்காரப் பெண் என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

அவருடைய பயத்துக்குக் காரணம் இருந்தது. போன மழைக்காலத்தில் காளியாயியின் மகள் வீரம்மா கூலிக்காரர் குடியிருக்கும் லயத்தில் பிள்ளை பெற்றாள். பேச்சியோடு ஒன்றாக வளர்ந்த பெண். உதிரம் நிற்கவில்லை என்று சேதி வந்தபோது காளியாயி மலையில் கடைசித் தேயிலை நிரையில் நின்றாள். அடர்ந்த பனியில் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது. ஓடிவந்து கங்காணியின் காலைப் பிடித்தாள்; அதை யாரும் பார்க்கவில்லை.

"சங்கு ஊதட்டும்" என்றார் ஆண்டியப்பன். வேலை முடிகிற சங்கு ஊதி அவள் இறங்கிப் போனபோது வீரம்மா குளிர்ந்து கிடந்தாள்.

அந்த மனிதர் அதோடு விட்டாரா? தோட்டத்துத் துரை விசாரித்தபோது, "அவ எங்கிட்ட கேக்கவே இல்லைங்க" என்று கூசாமல் சொன்னார். தோட்டமும் நம்பியது. ஊருக்கெல்லாம் உடம்பு பிடித்துவிடுகிறவள் பெத்த மகளுக்கு எட்டிப் பார்க்கவில்லை என்று பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மகள் போனதைவிட இந்தப் பழிதான் காளியாயியைத் தின்றது. இதை இறக்கிவைக்காமல் சாவதில்லை என்றிருந்தாள்.

"ஐயோ, வயிறு!"

மறுபடியும் பேச்சி. ஆண்டியப்பன் கதவைத் தட்டினார்.

"என்ன செய்யிற காளியாயி? கதவத் தொற."

"தீட்டு வீட்டுக்குள்ள ஆம்பள நுழையலாமா கங்காணியாரே?"

அவர் கை அப்படியே நின்றது. தீட்டு கழியாத வீட்டுக்குள் நுழைந்தான் என்று ஒருவனைக் கோயில் வாசலில் நிறுத்தி அவமானப்படுத்தியவரே அவர்தான். தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் குடத்தோடு வேலியோரம் கூடிவிட்டார்கள்.

திடீரென்று அவருக்கு ஒன்று உறைத்தது. இத்தனை கூச்சலிலும் பிள்ளையின் குரல் கேட்கவில்லை.

"புள்ள ஏன் அழுவல? காளியாயி, புள்ளைய என்ன செஞ்ச?"

"அது பாட்டுக்குக் கெடக்கு. வெந்நி கொதிக்கிது, எனக்கு வேல இருக்கு."

"கொதிக்கிறத ஊத்திராத. பச்ச ஒடம்பு, தாங்காது."

"எம் மகளுக்கும் பச்ச ஒடம்புதான்."

உள்ளே வெந்நீர் அண்டாவைத் தரையில் இழுக்கிற சத்தம் கேட்டது. "அப்பா" என்று பேச்சி வீறிட்டாள்.

"ஒன்னயக் கையெடுத்துக் கும்புடுறேன். வெளிய வந்துரு காளியாயி."

"சங்கு ஊதட்டும் கங்காணியாரே."

ஆண்டியப்பன் வாசலில் மண்டியிட்டார். தலைப்பாகை அவிழ்ந்ததுகூடத் தெரியாமல் கதவில் தலையை முட்டிக்கொண்டார். "நீ கேட்ட. காலப் புடிச்சுக் கேட்ட. நாந்தான் விடல."

"எனக்குக் காது மந்தம். வேலியோரம் நிக்கிறவங்களுக்கும் கேக்கட்டும்."

அவர் திரும்பிப் பார்த்தார். அத்தனை பெண்களும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தினமும் அவரிடம் ஏச்சு வாங்குகிறவர்கள். வேறு வழி இல்லை.

"காளியாயி மேல தப்பு இல்ல. மகளப் பாக்க விடச் சொல்லிக் கேட்டா. நாந்தான் விடல. தொரைகிட்ட பொய் சொன்னேன். வீரம்மா செத்தது என்னாலதான்."

ஒருத்தி அவர் முகத்துக்கு நேராகக் காறித் துப்பினாள். ஆண்டியப்பன் துடைக்கக்கூட இல்லை. "இப்பவாச்சும் எம் மகள வுட்டுரு" என்று கதவைப் பார்த்து அழுதார்.

கதவுக்கு உள்ளே காளியாயி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். இத்தனை நாள் வராத அழுகை இப்போது வந்தது.

எண்ணெயும் வெந்நீரும் எப்போதோ முடிந்து, வயிற்றில் பழஞ்சேலையை இறுக்கிக் கட்டியிருந்த பேச்சி பாயில் சாய்ந்திருந்தாள். காதை மூடித் துணி சுற்றிய பிள்ளை அவள் மார்பில் சுகமாகப் பால் குடித்துக்கொண்டிருந்தது. அவள் கையை நீட்டிக் காளியாயியின் கண்ணைத் துடைத்துவிட்டு மெல்லக் கேட்டாள்:

"போதுமா பெரியம்மா, இல்ல வீரம்மாவுக்காக இன்னொருக்கா கத்தவா?"