சும்மாதான் கூப்பிட்டேன், ஐயா

இரண்டு தேநீர்க் கிண்ணங்களும் ஒன்றாகத்தான் வெந்நீர் கொதிக்கும் சமோவார் பக்கம் போயின. ஒன்று என்னுடையது. இன்னொன்று மக்சாத் அண்ணனுடையது.

வாங்கிப் போனவள் அந்த வீட்டு மருமகள் குல்ஸத். தலையில் முக்காடு, குனிந்த முகம். அந்த முகத்திலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை.

மக்சாத் அண்ணன் வாசலுக்கு நேரெதிரே, திண்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அந்த இடம் பெரிய விருந்தாளிக்கு உரியது. பெரியவர் அசன்குல்தான் கையைப் பிடித்து அழைத்துப் போய் அங்கே உட்காரவைத்தார். என்னிடம், "நீயும் எங்கயாச்சும் உட்காரும்மா" என்றார். நான் கதவோரம், கழற்றிப் போட்ட காலணிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

போன வருஷம் வரை கரகோல் நகரத்தில் மக்சாத் அண்ணனின் ஸ்டூடியோவில் வேலை பார்த்தேன். இப்போது தனியாகப் படம் எடுக்கிறேன். அதாவது, எடுப்பதாகச் சொல்லிக்கொள்கிறேன். வேலை கொடுக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை.

பெரியவர் ஏரிக்கரையில் ஒரு விடுதி கட்டியிருக்கிறார். கோடைக்குள் அதைப் படமெடுத்து இணையத்தில் போட்டாக வேண்டும். அந்த வேலைக்காகத்தான் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டிருந்தார். இந்த வேலையும் கைநழுவிப் போனால் திங்கட்கிழமை பழைய ஸ்டூடியோவுக்கே திரும்பிவிடுவதாக என் வீட்டுக்காரரிடம் வாக்குக் கொடுத்திருந்தேன்.

அது எப்படியோ மக்சாத் அண்ணன் காதுக்கும் போயிருந்தது. இந்த வீட்டு வாசலில் என்னைப் பார்த்ததுமே சிரித்தார்.

"உன் நாற்காலி அப்படியேதான் இருக்கு, பெகாயிம். தினமும் தூசி தட்டி வைக்கிறேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது.

வேலை கேட்டுவிட்டு வந்தால் மட்டும் போதாது, விடாமல் ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் பெரியவருக்கு போன் செய்துகொண்டேதான் இருந்தேன். ஆனால் எடுத்த எடுப்பிலேயே, என் விஷயம் என்னாச்சு என்று கேட்டுவிட முடியுமா? முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்பேன். சினைக் குதிரை ஈன்றுவிட்டதா என்பேன். பேரனுக்குப் பல் முளைத்துவிட்டதா, மேட்டில் பனி கரைந்துவிட்டதா என்று போகும். அதற்குள் அவர் அத்தனை பிரியமாகப் பேசிவிடுவார். அதற்கு மேல் வேலையைப் பற்றிக் கேட்க நாக்குக் கூசும்.

"சும்மாதான் கூப்பிட்டேன், ஐயா" என்று வைத்துவிடுவேன்.

"நீ போட்டோ எடுக்கிறவளா, மாட்டு டாக்டரா?" என்பார் வீட்டுக்காரர்.

மக்சாத் அண்ணனுக்கு இந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. இன்றைக்கும் முதல் கிண்ணத் தேநீர் ஆறுவதற்குள் கேட்டுவிட்டார்.

"அப்புறம், என்ன முடிவு பண்ணியிருக்கீங்க, ஐயா?"

பெரியவர் பாலாடைத் தட்டை அவர் பக்கம் தள்ளினார். "உங்கப்பா ஒரு சாம்பல் குதிரை வச்சிருந்தாரே, அந்த மாதிரி ஒண்ணை இந்த ஏரிக்கரையே பாத்ததில்ல" என்றார். அண்ணன் எடுத்த படங்களைப் புகழ்ந்தார். அண்ணனுடைய காரைப் புகழ்ந்தார். சூடான ரொட்டி, பாதாமி ஜாம் எல்லாம் அந்தப் பக்கமே போயின.

என் பக்கம் ஒரு வார்த்தைகூட வரவில்லை. திங்கட்கிழமை என்ன சட்டை போட்டுக்கொண்டு போவது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

குல்ஸத் கிண்ணங்களோடு திரும்பி வந்தாள். ஒரு கணம் மாமனாரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

முதல் கிண்ணத்தை மக்சாத் அண்ணனிடம் நீட்டினாள்.

விளிம்பு வரை நிரம்பியிருந்தது.

எங்கள் பக்கம் விருந்தாளி இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் கொஞ்சமாகத்தான் ஊற்றுவோம். தீரத் தீர ஊற்றலாம், பேசிக்கொண்டே இருக்கலாம். வழிய வழியக் கொடுத்தால், குடித்துவிட்டுக் கிளம்புங்கள் என்று அர்த்தம். இல்லை என்பதை இந்த வீடுகளில் யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். நல்ல இடத்தில் உட்காரவைத்து, பாலாடை கொடுத்து, அப்பாவின் குதிரையைப் புகழ்ந்து, அதற்கப்புறம் இப்படித்தான் சொல்வார்கள்.

இதெல்லாம் பிறந்ததிலிருந்து தெரிந்ததுதான். பயத்தில் மறந்துபோயிருந்தது.

மக்சாத் அண்ணன் பெரிய மனுஷர். அதை ஒத்துக்கொள்ள வேண்டும். சூட்டைப் பொறுத்துக்கொண்டு ஒரு சொட்டு விடாமல் குடித்தார். விருந்துக்கு நன்றியாக இரண்டு கைகளாலும் முகத்தைத் தடவிக்கொண்டு எழுந்தார்.

"அருமையான டீ, ஐயா. ஸ்டூடியோவுல ஆள் காத்திருப்பாங்க, வர்றேன்."

பெரியவர் அவரைத் தோளோடு தழுவி, வாசல் வரை போய் வழியனுப்பினார்.

என் கிண்ணம் என் கையில்தான் இருந்தது. குல்ஸத் எப்போது கொடுத்தாள் என்று தெரியவில்லை. அதைப் பார்க்கத் துணிச்சல் வராமல் ஜாம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு விருந்தாளிகளை ஒரே நாளில் கூப்பிட்டு, இரண்டு பேரையும் ஒரே மாதிரி அனுப்பிவைக்கவும் செய்வார்கள். வேறு யாருக்காவது வேலையைக் கொடுத்திருந்தால்?

பெரியவர் நொண்டியபடி திரும்பி வந்தார். என்னைப் பார்த்து நின்றார்.

"என்ன மகளே, செருப்புக்குக் காவலா இருக்கே? மேல வந்து உட்காரு."

அப்போதுதான் குனிந்து பார்த்தேன்.

கிண்ணத்தின் அடிகூடச் சரியாக மறையவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு குறைவாக யாரும் எனக்குத் தேநீர் ஊற்றியதில்லை.