கரைக்கு வரும்வரை

போனின் திரை முழுக்கக் கடல் ஆடிக்கொண்டிருந்தது.

உம்மா பக்கம் போனைத் திருப்பு, இப்போது மேலே வரும் என்று தம்பி ரசீத் காற்றை மீறிக் கத்தினான்.

முஃபீதா திருப்பவில்லை. வலது கையில் போன். இடது கையை இறுக மூடி மடியில் வைத்திருந்தாள்.

சிட்னி துறைமுகத்திலிருந்து படகு கிளம்பி ஒரு மணி நேரம் ஆகிறதாம். தெற்கே உறைகிற கடலில் இருந்துவிட்டு, குட்டி போட வெதுவெதுப்பான தண்ணீரைத் தேடித் திமிங்கலங்கள் வடக்கே போகிற மாதமாம் இது. வருடம் தவறாமல் இதே வழியாகத்தான் போகுமாம். தம்பி ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவளுக்குக் காது சூடேறியது.

அவனுக்குப் பின்னால் அவன் மாமனார் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். வண்ணார்பேட்டையில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். பக்கத்தில் கம்பளித் தொப்பி போட்ட மாமியார். இருவரும் அங்கே போவது இது இரண்டாவது தடவை.

உம்மாவை ஒரு தடவைகூட அவன் கூப்பிடவில்லை. அவ்வளவு நேரம் விமானத்தில் உட்கார உம்மாவால் முடியாது என்று அவனே முடிவு செய்துகொண்டான்.

அவன் ஊருக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது.

வாசற்படியில் சுல்தான் மாமா நின்றுகொண்டிருந்தார். உம்மாவின் தம்பி. கரைக்கு வரும்வரை அவனிடம் ஒன்றும் சொல்லக் கூடாது என்று காலையிலேயே சொல்லியிருந்தார். நடுக்கடலில் நிற்கிற பிள்ளை, பதறிவிடுவான். இப்போதும் உதட்டில் விரலை வைத்து அவளை எச்சரித்தார்.

எப்போதும் இதே விரல்தான்.

உம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தபோதும் அந்த விரல்தான் சொன்னது, அவனிடம் சொல்லாதே என்று. சர்க்கரைப் புண்ணில் கால்விரலை எடுத்தபோதும், அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரியில் பதினைந்து நாள் கிடந்தபோதும் அதே பேச்சு. தூரத்தில் இருக்கிற பிள்ளை. வேலையைப் பார்ப்பானா, இதை நினைத்து உருகுவானா?

ஒவ்வொரு தடவையும் "உம்மா நல்லா இருக்கா" என்று சொன்ன வாய் முஃபீதாவுடையது.

நல்லா இருக்கிற உம்மாவைப் பார்க்க யார் ஓடி வருவார்கள்?

அவனும்தான் இரண்டாவது கேள்வி என்று ஒன்றைக் கேட்டதே இல்லை.

படகில் கூச்சல் எழுந்தது. திரையில் தண்ணீர் புகைபோலப் பீறிட்டு மேலே போனது. கறுப்பாக ஒரு முதுகு எழுந்து, வளைந்து, அமிழ்ந்தது. மாமனாரின் வாய் திறந்தபடியே இருந்தது.

பார்த்தியா, பார்த்தியா, உம்மாவிடம் காட்டு என்றான் ரசீத். கேமராவைக் கடல் பக்கம் திருப்பியிருந்ததால் அவன் முகம் தெரியவில்லை. அவன் இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

முஃபீதா போனை வாயருகே கொண்டுவந்தாள்.

"திமிங்கலம் அடுத்த வருசமும் வரும்லே. இப்ப நீ உம்மாவப் பாரு."

மாமா ஒரு எட்டு உள்ளே வந்தார். அவள் அவரைச் சட்டை செய்யவில்லை. போனை உம்மாவின் முகத்துக்கு நேராகத் தாழ்த்திப் பிடித்தாள்.

வெளியே சாரல் ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது. ஜன்னல் வெளிச்சம் உம்மாவின் நெற்றியில் கிடந்தது. முகத்தைச் சுற்றி வெள்ளை முக்காட்டை நாடிவரை இழுத்து விட்டிருந்தார்கள்.

கடல் மறைந்து திரையில் ரசீத்தின் முகம் வந்தது. காற்றில் கலைந்த முடி, சிவந்த மூக்கு. பார்த்தான். நெற்றி சுருங்கியது.

பிறகு சிரித்தான்.

"படகுன்னதும் கண்ண மூடிக்கிட்டாளாக்கும்?"

சின்ன வயதில் பாபநாசம் அணைக்கு வாப்பா கூட்டிப்போன நாளை அவன் மறக்கவில்லை. பிள்ளைகள் இரண்டும் வாப்பாவோடு படகில் ஏற, தண்ணீருக்குப் பயந்த உம்மா கரையிலேயே உட்கார்ந்து, கண்ணை இறுக மூடி ஓதிக்கொண்டிருந்தாள். படகு திரும்பி வந்து ரசீத் மடியில் விழுந்த பிறகுதான் கண்ணைத் திறந்தாள்.

"நல்லா உத்துப் பாரு," என்றாள் முஃபீதா. குரல் உடையக் கூடாது என்று பல்லைக் கடித்ததில் அது திட்டுவது போலவே வந்தது.

"பாத்தாச்சு லாத்தா. முகம் தெளிஞ்சிருக்கு. தூங்கட்டும், எழுப்பாத."

சாயங்காலம் கூப்பிடுகிறேன், அதற்குள் வீடியோவை அனுப்பி வைக்கிறேன், உம்மா எழுந்ததும் போட்டுக் காட்டு என்றான். யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். இன்னொன்று வருகிறது என்று கத்திக்கொண்டே அவன் திரும்ப, திரை ஒரு தடவை வானத்தைக் காட்டிவிட்டு அணைந்தது.

சுல்தான் மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டார். நல்லவேளை, பக்குவமாகப் பேசிவிட்டாய் என்றார். முஃபீதா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் அதற்குமேல் அங்கே நிற்காமல் படியிறங்கினார்.

அவன் கரைக்கு வந்ததும் மாமாதான் சொல்லப் போகிறார். சொல்லட்டும். அதற்குள் பள்ளிவாசலில் தொழுகை முடிந்து மண் மூடியிருக்கும்.

அடுத்த அறையில், போன் பேசி முடியட்டும் என்று நிறுத்தியிருந்த யாசீனைப் பெண்கள் விட்ட இடத்திலிருந்து மறுபடி ஓதத் தொடங்கினார்கள்.

முஃபீதா இடது கையை விரித்தாள். உள்ளங்கையில் நகம் பதிந்திருந்தது. நடுவில், வியர்வையில் நனைந்து, இரண்டு பஞ்சுத் துணுக்குகள்.

அவற்றைப் பைய எடுத்து, ஒவ்வொன்றாக, உம்மாவின் மூக்கில் திரும்ப வைத்தாள்.