வலது பெருவிரல்

கொட்டாஞ்சேனை மாடிவீட்டின் ஜன்னலோரம், ஞாயிறு பின்னேர வெளிச்சத்தில், என் கணவர் பிறெடியும் நானும் ஒரே விளையாட்டுக் கருவியை ஆளுக்கொரு கையால் பிடித்தபடி இருக்கிறோம். முன்பு வயரால் டீவியில் பூட்டி விளையாடிய பழைய கேம்கள் உள்ளங்கையளவான இதற்குள் ஓடுமா என்று அவருக்குச் சந்தேகம். ஓடுகிறது. அதே கீச்சுக்குரல் இசை, அதே குட்டி மனிதன். பாரிசவாதம் வந்ததிலிருந்து அவருடைய வலது பெருவிரல் சொன்னவுடன் அசைய மறுக்கிறது. ஆகவே இடது கையால் அவர் நடக்கவைக்கிறார். வலப்பக்கத்துப் பொத்தானை அமர்த்திப் பாயவைப்பது நான். குழி வருமுன்பே அமர்த்திவிடுகிறேன். "என்னப்பா, அவனுக்கு முந்தி நீர் பாயுறீர்," என்று சிரிக்கிறார். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதுகிறது. அவர் தடுமாறுவதைப் பார்க்கப் பயந்துதான் அவருடைய சட்டைப் பொத்தானைப் போடவும் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கவும்கூட நான் முந்திக்கொள்கிறேன் என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது. "விரலை எடும் ஜெசி, நான் அமத்துறன்." "விழுந்தானெண்டா?" "விழுந்தா திரும்ப வருவான்தானே." எடுக்கிறேன். அவருடைய வலது பெருவிரல் நடுங்கி நடுங்கிப் பொத்தானின் மேல் ஏறுகிறது. குட்டி மனிதன் நேரே குழிக்குள் போகிறான். அதற்குப் பிறகுதான் பொத்தான் அமர்கிறது. "பாத்தீரே, அமத்தினனான்!" என்கிறார், விரலை எடுக்காமலே.