பிடரிக் கட்டி

வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள், வந்தேன். பிடரிக் கட்டியைச் சுற்றி முடியை வழித்துவிட்டு வரச் சொன்னார்கள், அதையும் செய்தேன். அப்படியும் கூலாய் ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரசர் மரியநாதன் கத்தினார்.

“என்னய்யா செல்லப்பா, வழிக்கவே இல்லியா?”

“இப்பத்தான் வழிச்சேன் டிரசரய்யா!”

தடவிப் பார்த்தேன். கட்டியின்மேல் விரல் நீளத்துக்கு முடி.

நாவிதர் சிங்காரத்திடம் திரும்பி ஓடினேன். திட்டிக்கொண்டே மறுபடி வழித்தார். ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் முடி தோளைத் தொட்டது. கட்டியை அறுக்கும் வெள்ளைக்கார டாக்டரோ மதியம் கிளம்பிவிடுவார்; விட்டால் அடுத்த மாதம்தான். வலியில் நான் மல்லாந்து படுக்க முடியாமல் பல நாளாகிறது.

மூன்றாம் முறை வழித்ததும் பிடரியைத் துண்டால் இறுகக் கட்டிக்கொண்டு, சிங்காரத்தையும் கையோடு இழுத்து வந்தேன். அவர் என் பின்னாலேயே நடந்தார். வேறு யாரும் அருகில் வரவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் குனிந்து துண்டை அவிழ்த்தேன்.

“மொளைச்சிருந்தா இங்கியே வழிச்சு விடுங்கண்ணே, சீக்கிரம்.”

கத்தி படவில்லை.

“இப்ப என்னண்ணே?”

“இத யாருடா பின்னி விட்டது?” என்றார் சிங்காரம்.

கையை வைத்துப் பார்த்தேன். பின்னலில் எண்ணெய் ஈரம் இருந்தது. நுனியில் நாடா கட்டியிருந்தது.