இரண்டு பத்துக்குப் பிறகு

ஊலுவா ஆறு வடிந்து ஒன்பது நாள் ஆகிறது. வெள்ள எச்சரிக்கை அலுவலகத்தின் தரையில் காய்ந்த சேறு காலை வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. நொயேலியா ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வில்மெரின் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். அபாயச் சங்கு இருக்கும் ஆற்றங்கரை நிலையத்தில் காவலிருந்த அவள் கணவன் இசௌரோவை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. அங்கே நடப்பதையெல்லாம் நேரத்தோடு ஒரு கோப்பில் பதியும் புரோகிராம் வில்மெர் எழுதியது. அந்தக் கோப்பு இப்போது திரையில் திறந்திருக்கிறது.

“ரெண்டு பத்துக்கு எனக்குப் போன் பண்ணினாரு தம்பி. ‘கிளம்பிட்டேன், நீ பிள்ளைங்களோட மேட்டுக்கு ஏறு’ன்னாரு. வழியிலயா போயிட்டாரு?”

வில்மெர் திரையில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்குகிறான். வெளியே யாரோ மண்வெட்டியால் சேறு சுரண்டும் சத்தம் கேட்கிறது.

“ரெண்டு பதினாறு. சங்கு கையால் இயக்கப்பட்டது,” என்று வாசிக்கிறான். “ரெண்டு இருபத்து மூணு. சங்கு கையால் இயக்கப்பட்டது. ரெண்டு முப்பத்தொண்ணு. சங்கு கையால் இயக்கப்பட்டது.” அதற்குக் கீழே எதுவும் இல்லை. “அங்க இருந்து பொத்தானை அழுத்தினாத்தான் இந்த வரி விழும் அக்கா. அவர் கிளம்பவே இல்ல. அந்தச் சத்தத்துலதான் கீழ்த்தெருவே தப்பிச்சுது.”

நொயேலியா எழுந்துவந்து கடைசி வரியின்மேல் உள்ளங்கையை வைக்கிறாள். திரை இளஞ்சூடாக இருக்கிறது.

“பொய்யன்,” என்கிறாள். கையை எடுக்கவில்லை. “எங்கிட்டப் பொய் சொல்லிட்டான், தம்பி.”