ஒரே ஒரு கத்தி

பல் டாக்டரான மகளின் புதுக் கிளினிக் வாசலில் சிவப்பு ரிப்பன் கட்டியாயிற்று. வெட்டத்தான் கத்தரிக்கோல் இல்லை.

பல்லைப் பிடுங்க, துளைக்க, அடைக்க, கட்ட என்று உள்ளே தட்டுத் தட்டாகக் கருவிகள் பளபளத்தன. ஒரு முழ ரிப்பனுக்கு அவற்றில் ஒன்றுகூட உதவாது என்று மகள் கையைப் பிசைந்தாள்.

"அப்பா, உங்க கத்தி இருக்குல்ல?"

பெரியவருக்கு உள்ளே ஒரு துள்ளல். வெளியே மீசைகூட அசையவில்லை.

நில அளவைத் துறையில் முப்பத்தைந்து வருடம் நிமிர்ந்து நின்று ஓய்வு பெற்றவர். அவருடைய சட்டம் சொந்தபந்தம் மொத்தத்துக்கும் தெரியும்: ஒரு மனிதனுக்கு ஒரு குடை, ஒரு கடிகாரம், ஒரு கத்தி. அதற்கு மேல் வைத்திருப்பவன் குடும்பத்துக்கு ஆகமாட்டான்.

மகன் இரண்டாவது ஜோடி ஷூ கேட்ட அன்று, கறுப்புப் பிடி போட்ட மடக்குக் கத்தியை எடுத்து மேஜைமேல் வைத்து முக்கால் மணி நேரம் பேசினார். "வேலைக்குச் சேந்த அன்னிக்கு வாங்கினது. இன்னிவரைக்கும் இது ஒண்ணுதான்." மகன் இன்றைக்கும் ஒற்றை ஜோடியில்தான் நடக்கிறான். அந்தக் கத்தியைக் கொடி மாதிரி உயர்த்திப் பிடித்துத்தான் அந்தக் குடும்பமே வளர்ந்தது.

அந்தக் கத்திக்குப் பதினாறு தம்பிகள் உண்டென்பது யாருக்கும் தெரியாது.

எல்லாம் கறுப்புப் பிடி, எல்லாம் விரல் நீளம். அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் வாங்குவார். ஊர் கண்ணுக்கு ஒன்றே ஒன்று. அவர் விரலுக்கு மட்டும் தெரியும். ஒருவன் திறக்கும்போது முனகுவான். ஒருவன் வெண்ணெய்போல் வழுக்கிக்கொண்டு வருவான். ஒருவனுடைய ஸ்பிரிங் நகத்தையே பெயர்த்துவிடும். 'பழைய வரைபடங்கள்' என்று எழுதி ஒட்டிய பெட்டியின் அடியில் படுத்திருப்பார்கள். தினம் ஒருவனுக்கு வெளியே வர முறை.

பதினாறாவது தம்பி நேற்றுத்தான் தபாலில் வந்தான்.

காலையிலிருந்து அவன் வலது பையில். மூத்தவனையும் விட மனமில்லாமல் இடது பையில் போட்டுக்கொண்டார். காரில் வரும்போது வலது பைக்குள்ளேயே அவனைக் கால்வாசி திறந்து, மூடவிட்டுப் பார்த்தார்.

டக்.

அடடா, என்ன சத்தம்! வெளியே கேட்டுவிடக் கூடாதென்று இருமினார். இன்னொரு டக், இன்னொரு இருமல். ஏழாவது இருமலுக்கு மனைவி பேசாமல் ஒரு இருமல் மிட்டாயை நீட்டினாள்.

இப்போது இடது பைக்குப் போகவேண்டிய கை, தெரிந்தேதான், வலது பைக்குப் போனது.

இரண்டு தட்டலில் புதியவன் திறந்துகொண்டான். தொட்டதுதான் தெரியும், ரிப்பன் இழுபடவே இல்லை, இரண்டாக விழுந்தது. கூட்டம் கைதட்டியது. மகளுக்கென்று நினைத்துத் தட்டினார்கள். பெரியவர் அதைப் பதினாறாவது தம்பிக்கு வரவு வைத்துக்கொண்டார்.

"அண்ணே, அதக் கொஞ்சம் குடுங்க."

இது நிஜத் தம்பி. குறும்புக்காரர். கத்தியை வாங்கி வெயிலில் இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"இதுக்கு முனை ஒடஞ்சுல்ல இருக்கணும்? பெயின்ட் டப்பாவத் தொறக்கப் போயி நான்தானே ஒடச்சேன். ஆறு மாசம் எங்கூடப் பேசலையே நீங்க!"

கைதட்டல் நின்றது. மகன் தன் ஒற்றை ஜோடி ஷூவோடு ஓரடி முன்னால் வந்தான்.

முப்பத்தைந்து வருடச் சட்டம், வீட்டின் பேர், முக்கால் மணி நேரப் பேச்சு, எல்லாம் அந்த ஊசி முனையில் நின்றன. அந்த நிலையிலும், வெயிலில் அந்த முனை என்ன அழகாக மின்னுகிறது என்று பெரியவர் மனதின் ஒரு மூலை குதிக்கத்தான் செய்தது.

"நான்தான் சாணை புடிக்கக் குடுத்தேன்," என்றாள் மனைவி. "சாணைக்காரன் புது முனை எடுத்துக் குடுத்துட்டான்."

"சாணை புடிச்சா கத்தி வளருமா அண்ணி?"

"கத்தி வளருதோ இல்லையோ, உங்க வாய் வளருது. உள்ள போயி மொதல்ல பல்லக் காட்டுங்க. அண்ணன் மக இன்னிக்கு ஒருநாள்தான் காசு வாங்காமப் பாப்பா."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. தம்பி கத்தியை அண்ணி கையில் கொடுத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு முதல் ஆளாக உள்ளே ஓடினார். மகனும் சிரித்துக்கொண்டே பின்னால் போனான்.

கூட்டமும் உள்ளே போக, வாசலில் பெரியவரும் மனைவியும் மட்டும் நின்றார்கள்.

அவள் கத்தியை மடக்கினாள். புது ஸ்பிரிங், பழகாத கை தடுமாறும். அவள் விரல் அலகைத் தொடவே இல்லை. பின்பக்கத்தை உள்ளங்கையால் ஒரே அழுத்து. டக்.

ஒரு கணம் தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தைக் கேட்டாள். பிறகு அதை அவருடைய வலது பையில் போட்டு, பையைத் தட்டிவிட்டாள்.

"புதுசா வந்தவனா?" என்றாள் காதோரமாக. "இவனுக்கு நான் இன்னும் பேரு வைக்கலையே."

உள்ளிருந்து எல்லோரும் பெரியவரைக் கூப்பிட்டார்கள். அவர் நகரவில்லை.

"அப்போ," என்றார் ரகசியக் குரலில், "மத்தவனுங்களுக்கெல்லாம் வெச்சாச்சா?"