தூக்கத்தான் ஜாக்கி

“எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுய்யா எழவு வீட்டு வாசப்படி ஏறுன?”

விருமாண்டி பாய்ந்து துளசிராமின் சட்டையைப் பிடித்துவிட்டான். நாலு பேர் சேர்ந்து விலக்கினார்கள். இன்னும் ரெண்டு இழுப்பு இழுக்கட்டும் என்று கொஞ்சம் மெதுவாகத்தான் விலக்கினார்கள்.

துளசிராம் மதுரையில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். அவருடைய அம்பாசடரை ஓட்டியவன் காசிமாயன், விருமாண்டியின் தங்கை செல்லத்தாயின் புருஷன். முந்தாநாள் முதலாளியின் தல்லாகுளம் வீட்டுக் கொல்லையில் காரை ஜாக்கி வைத்துத் தூக்கி, செங்கல்லை அடுக்கி முட்டுக் கொடுத்துவிட்டு, சைலன்சரைக் கட்ட அடியில் படுத்தான். ஜாக்கி இறங்கிவிட்டது. செங்கல் பொடிந்துவிட்டது. அவ்வளவு பாரமும் அவன் நெஞ்சில்.

செல்லத்தாய் நிறைமாசம். அழுது அழுது ஓய்ந்து மூலையில் கிடந்தாள்.

வாசலில் நின்ற லாரி கிளீனர் சோணைமுத்து நியாயம் பேசினான். “ஜாக்கி தூக்கத்தான்ணே. தாங்குறதுக்கு ஸ்டாண்டு வேணும். மூணு காலு வச்ச இரும்பு. உச்சியில பள்ளமா இருக்கும். அதுல வண்டிய உக்கார வச்சுட்டுத்தான் ஆளு உள்ள போகணும். செங்கல்ல நம்பி எவனாச்சும் படுப்பானா?”

“கேட்டியாய்யா? பட்டும் ஜரிகையுமா விக்கிற, ரெண்டு ஸ்டாண்டு வாங்கிப் போடத் துப்பில்லையா ஒனக்கு?” என்று மறுபடி எகிறினான் விருமாண்டி.

“தம்பி... ஸ்டாண்டு நான்...” என்று ஆரம்பித்தார் துளசிராம். அந்தக் காரைத் தொட மனசு வராமல், வெயிலில் பஸ் பிடித்துக் கீழக்குயில்குடிக்கு வந்திருந்தார். நாக்கு ஒட்டிக்கொண்டது. அப்படியே படிக்கு உள்பக்கமாகச் சரிந்து உட்கார்ந்தார்.

“மதினி, அவருக்குத் தண்ணி குடுங்க,” என்றாள் செல்லத்தாய். “அவுக இருந்தா குடுத்திருப்பாக.”

விருமாண்டியின் மனைவி அன்னக்கொடிக்கு இஷ்டமில்லைதான். ஆனாலும் எதிர் மூலையில் மறைப்பாகத் தொங்கிய பழஞ்சேலையை ஒதுக்கி, பானையிலிருந்து ஒரு சொம்பு மோந்து வந்தாள்.

துளசிராம் சொம்பை வாங்கினார், குடிக்கவில்லை. சேலை விலகிய அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். சொம்பு சாய்ந்து தண்ணீர் வேட்டியில் சிந்தியது.

“என்னய்யா முழிக்கிற? ஸ்டாண்டு என்ன? சொல்லு!”

“இல்ல தம்பி. நான் வாங்கிக் குடுக்கல.” சொம்பைக் கீழே வைத்தார். “காசி கேட்டான். நாந்தான் செங்கல்லே போதும்னுட்டேன். என் தப்புதான்.”

செல்லத்தாய் எழுந்தே விட்டாள். “அடப்பாவி! எம்புள்ள மூஞ்சியக் கூட அவுகளப் பாக்க விடாமப் பண்ணிட்டியே! நீ வெளங்குவியா?” வாசல் மண்ணை வாரி அவர்மேல் தூற்றினாள்.

அவர் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நடந்தார். தெருவே காறித் துப்பியது.

கத்தியதில் விருமாண்டிக்குத் தொண்டை வறண்டிருந்தது. உள்ளே போய்ச் சேலையை ஒதுக்கினான். ஒரு பலகைமேல் பானைகள். பலகையைத் தாங்கிக்கொண்டு ரெண்டு இரும்பு.

மூணு காலு. உச்சியில் பள்ளம். பாத்திரத்தில் பேர் வெட்டுகிற மாதிரி, காலில் வெல்டிங்கில் எழுதியிருந்தது: து.ரா.

“ஏதுத்தா இது?”

“அந்த முக்காலியாண்ணே? மழை பேஞ்சா வீட்டுக்குள்ள தண்ணி நிக்கிது, பானை வைக்க எதாச்சும் கொண்டாங்கன்னு நாந்தான் அவுகள நச்சரிச்சேன். மொதலாளி வீட்டுல சும்மா கெடந்துச்சுன்னு எடுத்தாந்தாக. கட்டை வாங்குனதும் திருப்பிக் கொண்டு போயிருவேன்னாக.” மூக்கைச் சிந்தினாள். “ஏண்ணே கேக்குற?”

விருமாண்டி வாசல் பக்கம் எட்டிப் பார்த்தான். அந்த மனுஷன் இன்னும் பஸ் ஏறியிருக்க மாட்டார். ஓடிப்போய்க் காலில் விழுந்துவிடலாமா என்றிருந்தது.

தங்கச்சி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணுமில்ல தாயி,” என்று பழஞ்சேலையைத் தரைவரைக்கும் இழுத்துவிட்டான். பிறகு தெருப்பக்கம் திரும்பி, அவள் காதில் நன்றாக விழும்படி கத்தினான்:

“கொலைகாரப் பய! ரெண்டு ஸ்டாண்டு வாங்கிக் குடுக்க மனசு வரலையே அவனுக்கு!”